சனிக்கிழமை இரவும் நாஷ்வில் வானொலியும்: ‘பழைய பாட்டு’ எவ்வளவு பழையது?

1. ஊசித்தட்டு (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க நாட்டுப்புற இசையையும் தொடக்க கால கன்ட்ரி இசையையும் பற்றி எங்கள் இணைய வானொலிக்காக ஒரு மணிநேர நிகழ்ச்சிகளைக் கொண்ட தொடர் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். முதல் மணிநேரத்தை எங்கே தொடங்குவது என்பதில் உங்கள் கருத்தை அறியவே இந்த இழை.

பெரும்பாலோர் இந்தக் கதையை 1927ஆம் ஆண்டு கோடையில், டென்னசி–வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரில், தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக நடத்திய ஒலிப்பதிவிலிருந்து தொடங்குகிறார்கள். கன்ட்ரி இசையின் தொடக்க கால நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் ஒரே வாரத்தில் அங்கே முதல்முறையாகப் பாடிப் பதிந்தார்கள் என்பதால் அந்தத் தொடக்கம் வசதியானது. எனக்கு அதில் நிறைவில்லை. இசைத்தட்டு வாங்கியவர்களைவிடச் சனிக்கிழமை இரவில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்தான் இந்த இசைக்கு ஓர் ஊரையும் ஒரு முகத்தையும் கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். ஆகவே நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். நிலையத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

அந்த நிலையத்தை நடத்தியது நேஷனல் லைஃப் அண்ட் ஆக்சிடென்ட் என்ற காப்பீட்டு நிறுவனம். ‘இலட்சோப இலட்சம் பேரைக் காக்கிறோம்’ என்ற பொருள்படும் அதன் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகளே நிலையத்தின் பெயராயின. 1925 அக்டோபரில் ஒலிபரப்பு தொடங்கியது. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தில் நாட்டுப்புற ஆட்டப்பாட்டு நிகழ்ச்சியை அறிவித்துப் பெயர் பெற்றிருந்த ஜார்ஜ் ஹே அங்கே வந்து சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி சனிக்கிழமை இரவு, 77 வயதான அங்கிள் ஜிம்மி தாம்சனை ஒலிவாங்கியின் முன் உட்கார வைத்துப் பிடில் வாசிக்கச் செய்தார். அவருடைய உறவுப் பெண் பியானோவில் துணை வாசித்தார். தந்திகளும் கடிதங்களும் குவிந்தன. பின்னர் கிராண்ட் ஓல் ஓப்ரி எனப் பெயர் மாறி நூறாண்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியின் தொடக்கம் அதுதான்.

என்னை உறுத்துவது அடுத்த கட்டம். ஹே தம்மைக் ‘கடுமுக முதிய நீதிபதி’ என்று சொல்லிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. நிகழ்ச்சியில் வாசித்த டாக்டர் ஹம்ஃப்ரி பேட் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற நாட்டுப்புறத்து மருத்துவர். ஒழுங்காகக் கோட்டும் டையும் அணிந்து வந்து மவுத் ஆர்கன் வாசித்தவர். அவருடைய குழுவுக்குப் ‘பாசம் வேட்டைக்காரர்கள்’ என்று பெயர் சூட்டியது ஹேதான். பாசம் என்பது அங்கே மரத்தில் ஏறித் திரியும் பெருச்சாளி போன்ற ஒரு விலங்கு. மற்றக் குழுக்களுக்கும் இதே வகைப் பெயர்கள் வந்தன. உழவர் உடுப்பை மாட்டிச் சோளக்கொல்லையில் நிற்க வைத்துப் படமும் எடுத்தார்கள். பழமை என்று நாம் கேட்பதில் எவ்வளவு மலையிலிருந்து வந்தது, எவ்வளவு காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து வந்தது?

2. மேற்குமலை

நண்பரே, உடுப்பு பொய்யாக இருக்கலாம்; வாசிப்பு பொய்யில்லையே. டாக்டர் பேட் கோட்டு அணிந்திருந்தாலும் அவருடைய குழு வாசித்தவை அவர் வளர்ந்த வட்டாரத்து நடன மெட்டுகள்தாம். நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரமான அங்கிள் டேவ் மேகன் 1870இல் பிறந்தவர். கோவேறு கழுதை வண்டிகளில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழில் செய்து, மோட்டார் லாரிகள் வந்து அந்தத் தொழிலைப் படுக்க வைத்த பிறகு, ஐம்பது வயதைக் கடந்தபின் பேஞ்சோவை நம்பிப் பிழைக்கத் தொடங்கியவர். அவருக்கு எந்த வேடத்தையும் ஹே மாட்டத் தேவையிருக்கவில்லை. தங்கப்பல்லும் ஆட்டுத்தாடியும் கூவலும் சிரிப்பும் அவருடையவை.

மேலும், கண்ணால் காண முடியாத ஊடகத்துக்கு வேடம் எதற்கு என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். விளம்பரத்துக்கும் நாளிதழ்ப் படங்களுக்கும் ஊர் ஊராகச் செல்லும் கச்சேரிகளுக்குமே அது தேவைப்பட்டது. நாஷ்வில் தன்னைத் ‘தெற்கின் ஏதென்ஸ்’ என்று பெருமையாக அழைத்துக்கொண்ட நகரம். பார்த்தினான் கோயிலின் முழு அளவு நகலைப் பூங்காவில் எழுப்பி வைத்த ஊர். அந்த ஊரின் மேட்டுக்குடியினர் இந்த நிகழ்ச்சியைக் கேட்டு வெட்கப்பட்டார்கள். வெட்கப்பட்டவர்கள் கடிதம் எழுதவில்லை; கேட்டு மகிழ்ந்தவர்கள்தாம் எழுதினார்கள், அவர்கள் வீட்டுக்கதவைத்தான் காப்பீட்டு முகவர் தட்டினார். ‘ஓப்ரி நடத்தும் நிறுவனத்திலிருந்து வருகிறேன்’ என்றால் கதவு திறந்தது. வணிகம் இல்லாமல் இந்த இசைக்கு எந்த ஒலிபரப்பும் கிடைத்திருக்காது.

3. வில்லும் நரம்பும்

நான் கர்நாடக இசையில் வயலின் கற்பிப்பவள். பழமை மேடையில் இருந்ததா, உடுப்பில் இருந்ததா என்பதைவிட நரம்பில் இருந்ததா என்று பார்ப்பது எனக்கு எளிது.

பிடிலும் வயலினும் ஒரே கருவிதான். நம்மிடமும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை வித்துவான்களின் பெயருக்கு முன்னால் ‘பிடில்’ என்றுதான் போடுவார்கள். ஐரோப்பியச் சுருதியமைப்பில் நான்கு நரம்புகளும் ஜி, டி, ஏ, ஈ என்று நிற்கும். அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழைய பிடில்காரர்கள் பல மெட்டுகளுக்குக் கீழிரண்டு நரம்புகளையும் ஒரு சுரம் உயர்த்தி ஏ, ஈ, ஏ, ஈ என்று முறுக்கி வைப்பார்கள். இதை முதன்முதலில் படித்தபோது நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் இது நம்முடைய ச, ப, ச, ப! நாங்கள் அன்றாடம் வைத்துக்கொள்ளும் அதே அமைப்பு. இதற்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. மெட்டைவிட்டு விலகாமல் ஆதார சுருதி எப்போதும் கூடவே ஒலிக்க வேண்டும் என்ற தேவை இரண்டு இடத்திலும் ஒரே தீர்வைக் கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அமைப்பில் விரல் வைக்காத நரம்பையும் வில் சேர்த்தே இழுப்பதால் ஒரே ஆள் வாசிக்கும்போதும் தம்புரா வைத்தாற்போல ஒரு ரீங்காரம் கேட்கும். மரத்தரையில் நடனமாடும் ஓசைக்கு மேல் ஒலிபெருக்கியின்றிக் கேட்க வேண்டிய கருவிக்கு அந்த உரப்பு அவசியம். பலர் கருவியைத் தாடையில் இடுக்காமல் மார்பிலோ மேற்கையிலோ சாய்த்துக்கொண்டு வாசித்தார்கள். இதனால் இடக்கை மேலே ஏறி இறங்குவது குறைந்தது, வில்லின் சிறுசிறு அசைவுகளில் தாளம் முழுவதும் இறங்கியது. இவற்றை ஜார்ஜ் ஹே கண்டுபிடிக்கவில்லை. பாசம் வேட்டைக்காரர்கள் என்ற பெயரை நீக்கிவிட்டுக் கேட்டாலும் அந்த வில்லின் நடை அப்படியேதான் இருக்கும். உங்கள் தொடரில் ஒரு மெட்டை இரண்டு சுருதியமைப்பிலும் அடுத்தடுத்து ஒலிபரப்பிக் காட்டுங்கள். கேட்பவருக்கு எந்த விளக்கமும் வேண்டியிராது.

4. ஊசித்தட்டு

அம்மா, நீங்கள் சொன்ன ஒப்பீட்டை நிச்சயம் செய்வேன். இரண்டு நிமிடம் போதும்.

மேற்குமலை அவர்களுக்கு ஒரு பதில். வாசிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. எதைப் பழமை என்று தேர்ந்தெடுத்தார்கள் என்பதே என் கேள்வி. 1925, 1926இல் பிடில் போட்டிகள் நாடெங்கும் பரவியதற்குப் பின்னால் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு இருந்தார். மெய்ன் மாநிலத்து முதியவர் மெல்லி டன்ஹமைத் தம் ஊருக்கு வரவழைத்து வாசிக்கச் செய்து அதைச் செய்தியாக்கினார். ஜாஸ் இசையின் மீது அவருக்கு இருந்த வெறுப்பும், தம்முடைய செய்தித்தாளில் யூதர்களுக்கு எதிராக அவர் அச்சிட்டவையும் இதோடு பிரிக்க முடியாதவை. அதே காலத்தில் இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் பட்டியல்களை இரண்டாகப் பிரித்தன: கறுப்பினத்தவருக்கு ஒன்று, தென்மாநில வெள்ளையருக்கு ஒன்று. ஒரே ஊரில், சில நேரம் ஒரே திண்ணையில், இரு இனத்தவரும் வாசித்த மெட்டுகள் கடைக்கு வந்தபோது வெவ்வேறு அலமாரியில் இருந்தன.

‘பழைய காலத்து மெட்டுகள்’ என்ற சொல் அந்தப் பிரிவினையின் மேல் போர்த்திய ஒரு பட்டு. ஆகவேதான் உடுப்பை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

5. புதுக்கேள்வி

மன்னிக்கவும், அடிப்படையான ஐயம். பேஞ்சோ என்றால் எங்கள் வீட்டில் தாத்தா வாசித்த, தட்டச்சுப்பொறி போல விசைகள் உள்ள கருவிதானே? அது அமெரிக்காவிலிருந்து வந்ததா?

6. மேற்குமலை

இல்லை. தாத்தா வாசித்தது புல்புல்தாரா. ஜப்பானிய டைஷோகோட்டோ இங்கே வந்து பெயர் மாறியது. இந்தியாவில் அதையும் பேஞ்சோ என்று சொல்வதால் இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு.

அமெரிக்கப் பேஞ்சோவின் வேர் மேற்கு ஆப்பிரிக்கா. சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்திக் கழியைச் செருகிய கருவிகள் அங்கே இன்றும் உண்டு. காம்பியா, செனகல் பகுதியின் ஜோலா மக்களுடைய அகோன்டிங் அவற்றில் ஒன்று. மற்ற நரம்புகளைவிடக் குட்டையாக, கட்டைவிரல் மட்டும் தொடும் ஒரு நரம்பு அதிலும் இருக்கிறது, ஐந்து நரம்புப் பேஞ்சோவிலும் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் பிறகு வட அமெரிக்காவிலும் செய்துகொண்ட கருவியை, 1830களுக்குப் பிறகு முகத்தில் கரி பூசிய வெள்ளையர் மேடைகளில் வாசிக்கத் தொடங்கினார்கள். நூறாண்டு கழித்து அது வெள்ளை மலைவாசியின் அடையாளமாகிவிட்டது.

இதை எழுதும்போதே தெரிகிறது, ஊசித்தட்டு அவர்களின் வாதத்துக்கு நானே வலுச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. இருக்கட்டும்.

7. கம்பர்லாந்துக் கரை

பன்னிரண்டு ஆண்டுகளாக நாஷ்வில் நகரில் வசிக்கிறேன். இங்கிருந்து சில செய்திகள்.

டபிள்யூ.எஸ்.எம். கோபுரம் நகருக்குத் தெற்கே பிரென்ட்வுட் பகுதியில் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். நடுவில் அகன்று மேலும் கீழும் கூம்பிய, இரண்டு ஈட்டிகளை அடியோடு அடி சேர்த்தாற்போன்ற வடிவம். அத்தனை எடையும் தரையில் ஒரே ஒரு புள்ளியில் நிற்கிறது. 1932இல் அது எழுந்தபோது உயரம் 878 அடி, பின்னர் 808 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டில்தான் நிலையத்தின் ஆற்றல் 50,000 வாட் ஆனது. 650 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரவு நேரத்தில் வேறெந்த அமெரிக்க நிலையமும் குறுக்கிடக் கூடாது என்று ஒதுக்கியிருந்தார்கள். பகலில் தரையோடு மட்டும் பரவும் மத்திய அலை, சூரியன் மறைந்ததும் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். சனிக்கிழமை இரவு என்ற நேரத்தின் மகிமையில் பாதி இந்த இயற்பியல்தான். மின்சாரம் வராத பண்ணை வீடுகளில் மின்கலத்தில் இயங்கும் பெட்டியை அந்த ஒரு நிகழ்ச்சிக்காக வாரமெல்லாம் சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள்.

ஒன்றை யாரும் இன்னும் சொல்லவில்லை. கோபுரத்தின் அருகே எல் அண்ட் என் நிறுவனத்தின் இருப்புப்பாதை செல்கிறது. 1933இலிருந்து பல ஆண்டுகள், பான்-அமெரிக்கன் என்ற விரைவு ரயில் மாலையில் கடந்து செல்லும்போது அதன் ஊதலை ஒலிவாங்கி வைத்து நேரடியாக ஒலிபரப்பினார்கள். ஆனால் அதற்கு முன்பே அந்த ரயில் வானொலியில் ஓடிவிட்டது, டிஃபோர்டு பெய்லியின் மவுத் ஆர்கனில். இவ்வளவு நீண்ட இழையில் அவர் பெயர் இன்னும் வராதது வியப்பாக இருக்கிறது.

8. ஊசித்தட்டு

நான் சேமித்து வைத்திருந்த பெயரை நீங்கள் முந்திக்கொண்டீர்கள். இனி அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

பெய்லி 1899இல் டென்னசி மாநிலத்தின் ஸ்மித் வட்டத்தில் பிறந்த கறுப்பினத்தவர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி ஓராண்டுக் காலம் படுக்கையில் கிடந்தபோது கையில் இருந்தது மவுத் ஆர்கன். நாய்களின் குரைப்பு, கோழிகளின் கொக்கரிப்பு, பாலத்தின் மேல் போகும் ரயில் என்று காதில் விழுந்ததையெல்லாம் மூச்சால் திருப்பிச் சொல்லப் பழகினார். உயரம் ஐந்தடிக்குக் குறைவு. டாக்டர் பேட்தான் அவரை நிலையத்துக்கு அழைத்துச் சென்று, சோதிக்காமலே வாசிக்க விடும்படி ஹேவிடம் வற்புறுத்தினார் என்பார்கள்.

ஓப்ரி என்ற பெயர் பிறந்த கதையிலும் அவர்தான் இருக்கிறார். என்.பி.சி. என்ற வானொலி வலையமைப்பில் வால்டர் டாம்ராஷ் நடத்திய செவ்வியல் இசை நிகழ்ச்சி முடிந்ததும் உள்ளூர் நிகழ்ச்சி தொடங்கும். செவ்விசையில் உள்ளதை உள்ளபடி காட்டும் வாசிப்புக்கு இடமில்லை என்று சொன்னாலும், டாம்ராஷ் ஒரு ரயிலைச் சித்திரிக்கும் இசைத்துண்டை அன்று வாசிக்கச் செய்தாராம். உடனே ஹே, இங்கே உள்ளதை உள்ளபடியே தருவோம் என்று சொல்லிப் பெய்லியை அழைத்தார். பெய்லி ரயிலை ஓட்டி முடித்ததும், இதுவரை கிராண்ட் ஆப்ரா (மேலைச் செவ்வியல் இசை நாடகம்) கேட்டீர்கள், இனி அந்தச் சொல்லின் நாட்டுப்புற உச்சரிப்பில் கிராண்ட் ஓல் ஓப்ரி கேளுங்கள் என்றார் ஹே. 1927இல் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தச் சம்பவத்தை நமக்கு விரிவாகச் சொன்னவர் ஹேதான், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. அன்றைய ஒலிபரப்பு எதுவும் பதிவாகாமல் காற்றோடு போயிற்று. கதை சொல்லியின் கைவண்ணம் அதில் கலந்திருக்கும் என்றே கொள்கிறேன்.

1928இல் 52 வாரங்களில் 49 வாரம் வாசித்தவர் பெய்லி. வேறெவரும் அத்தனை முறை வரவில்லை. வானொலிக்கு நிறம் தெரியாது என்பதால் அவர் கறுப்பினத்தவர் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. ஊர் ஊராகக் குழுவோடு போனபோதுதான் தெரிந்தது. அவருக்கு விடுதியில் அறை கிடைக்காது. அங்கிள் டேவ் மேகன் ‘இவர் என் வேலையாள், உடன் தங்க வேண்டும்’ என்று சொல்லித் தம் அறையில் தங்க வைத்த இரவுகள் உண்டு. அன்பு என்றும் படிக்கலாம், அந்த அன்புக்குத் தேவைப்பட்ட பொய்யின் தன்மையையும் படிக்கலாம்.

9. மேற்குமலை

1941இல் பெய்லியை ஓப்ரியிலிருந்து நீக்கிய காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை அரைகுறையாகச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. பாடலாசிரியர்களின் உரிமைத்தொகையை வசூலித்த ஆஸ்காப் அமைப்பு கட்டணத்தை உயர்த்தியபோது, வானொலி நிலையங்கள் பி.எம்.ஐ. என்ற போட்டி அமைப்பைத் தொடங்கி, 1941 ஜனவரி முதல் ஆஸ்காப் பாடல்களை ஒலிபரப்ப மறுத்தன. பெய்லியின் புகழ்பெற்ற மெட்டுகள் ஆஸ்காப் பட்டியலில் இருந்தன. புதியன கற்றுக்கொள்ளவில்லை, சோம்பேறி என்று ஹே தமது 1945ஆம் ஆண்டுச் சிறுநூலில் பழி போட்டார். அதே மெட்டுகளைத்தான் வாசிக்க வேண்டும் என்று தம்மிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தவர்களே நிலையத்தார்தாம் என்பது பெய்லியின் தரப்பு.

எனக்குத் தீர்ப்பளிக்கப் போதுமான சான்று ஒன்றுதான்: அந்த உரிமைப் பூசல் 1941 முடிவதற்குள்ளாகவே தீர்ந்துவிட்டது. மெட்டுகள் திரும்பி வந்தன; மெட்டுக்காரரைத் திரும்ப அழைக்கவில்லை. அவர் நாஷ்வில் நகரில் காலணி துடைக்கும் கடை நடத்தினார். 1974இல் பழைய கலைஞர்களுக்கான நிகழ்ச்சியில் மீண்டும் ஓப்ரி மேடையில் நின்றார், 1982இல் காலமானார், 2005இல் கன்ட்ரி இசைப் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். இழையின் தொடக்கத்தில் நான் வணிகத்துக்குப் பரிந்து பேசியதை முழுவதும் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

10. வில்லும் நரம்பும்

இசைத்தட்டின் பக்கத்திலும் இதே கதை உண்டு. கார்ட்டர் குடும்பத்து ஏ.பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது உடன் சென்றவர் லெஸ்லி ரிடில், கிங்ஸ்போர்ட் ஊரில் வாழ்ந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர், சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் சொற்களைத் தாளில் எழுதுவார். மெட்டை ரிடில் மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து குடும்பக் குழுவின் மற்ற இருவரான சாராவுக்கும் மேபெலுக்கும் வாசித்துக் காட்டுவார். தாளில் எழுதியவர் பெயர் தட்டில் அச்சாயிற்று, மனத்தில் ஏற்றியவர் பெயர் அச்சாகவில்லை. மேபெல் கட்டைவிரலால் கீழ் நரம்புகளில் மெட்டை இசைத்துக்கொண்டே மற்ற விரல்களால் மேல் நரம்புகளை வருடும் முறையை இன்று உலகமே கற்கிறது. அவர் ரிடிலிடமிருந்தும் கற்றவர். குருவின் பெயரைச் சொல்லித் தொடங்கும் மரபில் வளர்ந்த எனக்கு இது உறுத்துகிறது. 1960களில் நாட்டுப்புற இசைக் கலைஞர் மைக் சீகர் தேடிப் போய்ப் பதிவு செய்திராவிட்டால் ரிடிலின் குரலே நமக்குக் கிடைத்திராது.

11. கம்பர்லாந்துக் கரை

கார்ட்டர் குடும்பத்தாருக்கும் வானொலிதான் பெரிய அவையைத் தந்தது என்பதால் இரண்டாம் மணிநேரத்துக்கு ஓர் ஆலோசனை. 1938இலிருந்து அவர்கள் பாடியது எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற நிலையத்தில். டெக்ஸாஸின் டெல் ரியோவுக்கு எதிர்க்கரையில், மெக்சிகோவின் வில்லா அகூன்யாவில் இருந்தது அது. ஆட்டின் விரையை மனிதருக்குப் பொருத்தி ஆண்மை திரும்பும் என்று விற்ற ஜான் பிரிங்க்லி நடத்தியது. அமெரிக்கச் சட்டம் அனுமதித்த 50,000 வாட்டைப் போலப் பல மடங்கு ஆற்றல். மருந்து விளம்பரங்களுக்கு நடுவே பாடிய அந்தக் குரல்களை ஆர்கன்சா மாநிலத்துப் பருத்திக்காட்டுச் சிறுவன், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கேட்டான். 1941இல் அந்த நிலையம் மூடப்பட்டது.

12. ஊசித்தட்டு

அனைவருக்கும் நன்றி. முதல் மணிநேரத்தின் வரிசையை இப்படி வைத்திருக்கிறேன்: பெய்லி 1927இல் நியூயார்க்கில் பதிந்த ‘பான் அமெரிக்கன் புளூஸ்’, பிறகு அங்கிள் டேவ், பிறகு டாக்டர் பேட் குழு, நடுவில் வில்லும் நரம்பும் அம்மாவின் இரு சுருதி ஒப்பீடு. கேட்பவர் உண்மையை அறிந்துகொண்டு கேட்கட்டும் என்று, பெய்லியை நீக்கிய செய்தியைத் தட்டு ஓடுவதற்கு முன்பே சொல்ல நினைத்திருந்தேன்.

13. வில்லும் நரம்பும்

அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், ஐயா. முதலில் இரங்கற்செய்தியைக் கேட்டவர் பிறகு இரக்கத்தைத்தான் கேட்பார், மூச்சைக் கேட்க மாட்டார். நீராவி ஏறி, சக்கரம் மெல்லப் பிடித்து, ஊதல் தூரத்தில் வளைந்து போவது முழுவதும் ஒரு சின்னக் கருவியில் ஒருவர் உள்ளிழுத்து வெளிவிடும் மூச்சு. பெயர்கூடச் சொல்லாமல் ஓட விடுங்கள். அன்று வானொலிப் பெட்டியின் முன் இருந்தவர்களும் அவர் யாரென்று தெரியாமல்தான் கேட்டார்கள்.

14. ஊசித்தட்டு

சரி. அறிமுகக் குரல் இல்லாமல் ரயிலோடு தொடங்குகிறேன். பெயரை ரயில் நின்ற பிறகு சொல்கிறேன். 1941ஐ அதே மணிநேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரத்துக்குத் தள்ளமாட்டேன்.